முதலிடம் யாருக்கு? – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் வாசிப்புக் குழுவில் மூன்று வாரமாக ஒரே சண்டை. உலகின் ஆகப்பெரிய எழுத்தாளர் யார்? சிலர் ஷேக்ஸ்பியர் என்கிறார்கள், சிலர் தஸ்தயேவ்ஸ்கி என்கிறார்கள். நான் டால்ஸ்டாய் கட்சி. மூலமொழியில் படிக்காமல் இப்படித் தீர்ப்புச் சொல்லலாமா? டால்ஸ்டாய்க்கு நோபல் கிடைக்காததைக் குறையாக எடுத்துக்கொள்ளலாமா? நீங்கள் சொல்வதே முடிவு என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

ர.

அன்புள்ள ர.,

தீர்ப்புச் சொல்லும் வேலையை அப்படியே உங்களிடம் திருப்பி அனுப்புகிறேன். 1901இல் இலக்கியத்துக்கான முதல் நோபல் சுல்லி புருதோம் என்ற பிரெஞ்சுக் கவிஞருக்குப் போனது. டால்ஸ்டாய் 1910 வரை உயிரோடு இருந்தார். இதற்குமேல் பரிசுகளைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமையில்லை. மூலமொழிக் கேள்வியை எழுப்புகிறவர்களில் பாதிப்பேர் மொழிபெயர்ப்பையும் படித்திருப்பதில்லை. போகட்டும்.

எனக்குக் கோபம் வந்தது வேறு காரணத்தால். உங்கள் கடிதம் நான்கு பக்கம். மேலே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். அதில் இருபது பெயர்களாவது இருக்கும். ஒரு காட்சிகூட இல்லை. ‘மேதைமை’, ‘மானுட தரிசனம்’, ‘பிரம்மாண்டம்’ என்கிறீர்கள். இந்த மாலைகளை யார் கழுத்திலும் போடலாம், எல்லோருக்கும் பொருந்தும்.

திட்டுகிற தகுதி எனக்கு உண்டு. இருபத்தோரு வயதில் நானும் உங்கள் கட்சிதான். என் நண்பன் தஸ்தயேவ்ஸ்கி பக்தன். ஓர் இரவு நான் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தபோது அவன் மெதுவாகக் கேட்டான்: “ஊர் திரும்பும் அன்னா ரயில் நிலையத்தில் கணவனைப் பார்க்கிறாளே, அப்போது அவள் கண்ணில் முதலில் படுவது எது?”

எனக்குத் தெரியவில்லை. ‘அன்னா கரீனினா’வில் நாற்பது பக்கம் படித்திருந்தேன். மிச்சமெல்லாம் முன்னுரையிலிருந்து திரட்டிய ஞானம்.

“காது” என்றான். எட்டு வருடம் கூடவே வாழ்ந்த மனிதனின் காதுகள், தொப்பியின் விளிம்பைத் தாங்கி நிற்கும் காதுகள், அன்று முதன்முதலாக அவளை உறுத்துகின்றன. இவர் காது ஏன் இப்படி ஆகிவிட்டது என்று நினைக்கிறாள். அவள் மனம் போன வ்ரோன்ஸ்கியின் பெயரை அந்த இடத்தில் டால்ஸ்டாய் சொல்லவே வேண்டியதில்லை.

பிறகு தன் ஆளுக்கு வந்தான். ‘குற்றமும் தண்டனையும்’ நாயகன் ரஸ்கோல்னிகோவ், தன் வீட்டிலிருந்து அவன் கொல்லப்போகும் கிழவியின் வீட்டுக்கு எண்ணி வைத்திருந்த 730 காலடிகள். கோடரியைத் தொங்கவிடக் கோட்டின் உட்புறம், இடது அக்குளுக்குக் கீழே, அவன் தைத்துக்கொண்ட துணி வளையம். இதைச் சொல்லும்போது நண்பன் தன் அக்குளைத் தொட்டுக் காட்டினான். கொலையைவிட அந்தத் தையல்தான் தன்னை நடுங்க வைத்தது என்றான்.

அவமானத்தில் ஆறு மாதம் அவனோடு நான் பேசவில்லை. இன்று அவன் இல்லை. அந்த ஆறு மாதத்தை நான் யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

ஷேக்ஸ்பியரை மறந்துவிட்டேன், பாருங்கள். உங்கள் கட்சித் தலைவர் அவரைக் கிழித்து எழுதிய நீண்ட கட்டுரை 1906இல் வெளிவந்தது. ‘லியர் மன்னன்’ நாடகத்தைக் காட்சி காட்சியாக எடுத்துவைத்துத் திட்டுகிறார். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. ஆனால் அதை எழுதுவதற்கு முன் எழுபத்தைந்து வயதில் ஷேக்ஸ்பியர் முழுவதையும் மறுபடி படித்திருக்கிறார் மனிதர். உங்கள் குழுவில் ஷேக்ஸ்பியரை நிராகரிக்கிறவர்கள் எத்தனை நாடகம் படித்திருக்கிறார்கள்?

தஸ்தயேவ்ஸ்கியும் டால்ஸ்டாயும் சந்தித்ததே இல்லை. 1878இல் பீட்டர்ஸ்பர்கில் ஒரே சொற்பொழிவுக்கு வந்திருந்தார்கள், யாரும் அறிமுகப்படுத்தவில்லை. 1881இல் தஸ்தயேவ்ஸ்கி இறந்த செய்தி வந்ததும் டால்ஸ்டாய் அழுதார். ஏதோ ஒரு பிடிமானம் தன்னைவிட்டுப் போய்விட்டதென்றும், அவரோடு தன்னை அளந்து பார்க்க ஒருநாளும் தோன்றியதில்லை என்றும் ஸ்த்ராகவ் என்ற நண்பருக்கு எழுதினார். நீங்கள் மூன்று வாரமாக அளந்துகொண்டிருக்கிறீர்கள்.

அதற்காக அவரைப் புனிதராக்கிவிட வேண்டாம். 1910இல் தஸ்தயேவ்ஸ்கியின் ‘கரமசோவ் சகோதரர்க’ளைப் படித்தபோது கடுமையாகக் குறை சொன்னார். அந்த அக்டோபரில், எண்பத்திரண்டு வயதில், இரவோடிரவாக வீட்டைவிட்டுக் கிளம்பினார். வழியிலிருந்து மகளுக்கு எழுதிய கடிதத்தில், தான் படித்துக்கொண்டிருந்த புத்தகங்களைக் கேட்கிறார். அவற்றில் ஒன்று அந்த நாவலின் இரண்டாம் பாகம்.