குறி இல்லாத ஒரு ரூபாயும் சாய்ந்த இரண்டு ரூபாயும்

வணக்கம். ஆண்டுக்குக் கீழே எந்தக் குறியும் இல்லாத ஒரு ரூபாய், திருப்பினால் சிங்கமுகம் சாய்ந்து நிற்கும் இரண்டு ரூபாய், இரண்டுக்கும் லட்சம் தருவதாகச் சொல்லி 'பதிவுக் கட்டணம்' கேட்கும் ஆள். இதுதானே உங்கள் சிக்கல்?

முதலாவது பிழையே இல்லை. அந்தக் குறி, நாணயம் எந்த ஊர் நாணயச்சாலையில் அடிக்கப்பட்டது என்பதைக் காட்டுவது. மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்கு வட்டப்புள்ளி. கொல்கத்தா மட்டும் குறி போடுவதில்லை. செலவழித்துவிடலாம்!

இரண்டாவதை நன்றாகப் பாருங்கள். எண் நேராக இருக்கும்படி மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் விரல் கொடுத்துப் பிடித்து, கதவைத் திறப்பதுபோல் பக்கவாட்டில் திருப்புங்கள். நம் நாணயங்களில் மறுபக்கமும் நேராகவே வரவேண்டும். நாணயம் அடிக்கும் எந்திரத்தில் ஒரு பக்கத்துக்கான வார்ப்பு அச்சு தளர்ந்து சுழன்றால் இப்படிச் சாயும். பத்து டிகிரி சாய்வை யாரும் சீந்தமாட்டார்கள். 90, 180 என்றால் சேகரிப்பவர்கள் கேட்பார்கள். ஆனாலும் லட்சமெல்லாம் கனவு. உங்களுடையது எத்தனை டிகிரி என்று இருபக்கப் படமும் போடுங்கள். அதுவரை புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். நான் ஒருமுறை அப்படிப் பளபளக்க வைத்து, வாங்க வந்தவரை ஓடவிட்டேன்.

அந்த ஆளுக்கு ஒரு பைசாவும் அனுப்ப வேண்டாம். பழைய நாணயம் வாங்குவதாக ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களை நம்பாதீர்கள் என்று 2021-இல் அந்த வங்கியே எச்சரித்திருக்கிறது. எண்ணை பிளாக் செய்துவிடுங்கள்.