டோம்பிவிலியிலிருந்து அந்தேரிக்கு

தம்பி, மும்பைக்கு வேலைக்கு வருவதாகவும், புறநகர் டோம்பிவிலியில் வீடு எடுத்து அந்தேரி ஆபீசுக்கு மெட்ரோவில் போய்வரலாமா, பைக்கை ஊரிலிருந்து ஏற்றி வரலாமா, நம்மூர்ச் சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழர்கள் நிறைந்த மாட்டுங்காவும் செம்பூரும் இருக்கும்வரை சாப்பாட்டுக்குக் குறை இல்லை. பைக் விஷயம் வந்து பார்த்துக்கொள்ளலாம். லோக்கல் ரயிலைப் பற்றித்தான் சொல்லியாக வேண்டும்.

உங்கள் மெட்ரோ காட்கோபரில்தான் தொடங்குகிறது. அங்கிருந்து அந்தேரி இருபது நிமிடம்கூட ஆகாது. டோம்பிவிலியிலிருந்து லோக்கலில் காட்கோபர் வந்து சேர்வதுதான் பாடு. காலையில் கர்ஜத், கசாராவிலிருந்து வரும் ஃபாஸ்ட் வண்டிகள் டோம்பிவிலிக்கு வரும்போதே நிரம்பி வழியும். வாசலில் தொங்காதீர்கள். 2025 ஜூனில் மும்ப்ரா பக்கம், இதே பாதையில், அப்படிப் போனவர்கள் ஓடும் ரயிலிலிருந்து விழுந்து செத்தார்கள். டோம்பிவிலியிலேயே புறப்படும் லோக்கல்கள் உண்டு. நேரம் கூடினாலும் அதில் ஏறுங்கள். கதவு மூடும் ஏசி லோக்கலுக்குப் பாஸ் எடுக்க வசதியிருந்தால் இன்னும் நல்லது. பையை முன்பக்கம் மாட்டுங்கள். முலுண்டு ஸ்டேஷன் தாண்டியதுமே முன்னால் நிற்பவரிடம் "காட்கோபர் உத்ரேகா?" (காட்கோபரில் இறங்குவீர்களா?) என்று கேட்டு வாசல் பக்கம் நகருங்கள்.

தொண்ணூறுகளில் நான் வந்தபோது அந்த மெட்ரோ கிடையாது, 2014-இல்தான் வந்தது. காட்கோபரில் இறங்கி 340 பஸ்ஸுக்கு வரிசையில் நிற்க வேண்டும். வழியில் சாகிநாகா நெரிசலில் பஸ் நின்றால் நின்றதுதான். இல்லாவிட்டால் தாதர் வரை போய், வெஸ்டர்ன் லைன் மாறி, மறுபடி வடக்கே வர வேண்டும். மழையில் தண்டவாளம் மூழ்கித் தாமதமான நாளுக்கும் நான் வேலை பார்த்த கம்பெனியில் அரைநாள் சம்பளம் பிடித்தார்கள். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. வேலைக்குச் சேரும்போதே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இருபது வருடம் இங்கே இருந்தும் பக்கத்தில் உட்காருபவரிடம் ஒரு வார்த்தை பேசாத நம்மவர்கள் இருக்கிறார்கள். மும்பையைத் திட்டுவதும் அவர்கள்தான். அந்தப் பேச்சைக் காதில் வாங்காதீர்கள். லோக்கலில் மூன்று பேர் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து எனக்கு நாலாவது சீட் கொடுத்தவர்கள் மராத்திக்காரர்கள். மராத்தி நான் கற்றதும் அந்த ஓரத்தில் உட்கார்ந்துதான். தசராவுக்கு முன் பெட்டியில் மாலை கட்டிப் பூஜை போடுவோம். பேடா கைமாறிக் கைமாறி வாசல் வரை போகும். உங்கள் பெட்டியிலும் வசூலுக்கு வருவார்கள். கொடுத்துச் சேர்ந்துகொள்ளுங்கள், தம்பி.