வெப்பம் காட்டும் காற்றுப் பாதை

கேள்வி: ஜெட் காற்று துருவங்களை நோக்கி நகர்ந்திருப்பதைச் செயற்கைக்கோளின் வெப்பநிலைப் பதிவுகள் காட்டுவதாகப் படித்தேன். வெப்பத்தை மட்டும் அளந்து காற்றின் பாதையை எப்படிச் சொல்கிறார்கள்? அந்தக் காற்று எங்கள் மலைக்கு மேலும் வீசுகிறதா?
– வாசகர், ஏற்காடு

பதில்: சேலம் அடிவாரத்தில் வியர்வையோடு பஸ் ஏறியவர், இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்ததும் ஜன்னலை இறக்கிவிட்டு ஸ்வெட்டரைத் தேடுவார். அது உயரத்தால் வரும் குளிர். வானின் உயரத்தில் ஆறுபோல விரைந்து ஓடும் ஜெட் காற்றை உண்டாக்குவது அதுவன்று. ஒரே உயரத்தில் வடக்குக்கும் தெற்குக்கும் இடையே உள்ள வெப்ப வேறுபாடுதான்.

சூடான காற்று விரிந்து உயர்ந்து நிற்கும், குளிர்ந்த காற்று சுருங்கித் தாழ்ந்து நிற்கும். ஆகவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் சூடான பக்கத்தில் அழுத்தம் மிகுந்திருக்கும். அங்கிருந்து குளிர்ந்த பக்கத்துக்குப் பாய முயலும் காற்றைப் பூமியின் சுழற்சி திருப்பிவிடுவதால், அது இரண்டுக்கும் நடுவே மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. இந்த வடக்கு–தெற்கு வெப்ப வேறுபாடு எங்கே மிகக் கூர்மையாக இருக்கிறதோ அங்கேதான் ஜெட் காற்றும் இருக்கும். வெப்பநிலையின் வரைபடம் கையில் இருந்தால் போதும். காற்றின் தடம் அதிலேயே தெரிந்துவிடும்.

செயற்கைக்கோள் தெர்மாமீட்டரைக் காற்றில் தொங்கவிடுவதில்லை. ஆக்சிஜன் மூலக்கூறுகள் வெளியிடும் நுண்ணலைகளின் வலிமை வெப்பத்துக்கேற்ப மாறும் என்பதால், அதை மேலிருந்தே அளக்கிறது. 1978-இன் இறுதியில் தொடங்கிய இந்தப் பதிவின் பெருமதிப்பு, பலூன்கள் எட்டாத பெருங்கடல்களையும் அது காண்பதில் இருக்கிறது. செயற்கைக்கோள்கள் பாதையில் சற்றே நழுவுவதும் கருவிகள் மாறுவதும் கணக்கைக் குழப்பும்; அவற்றைப் பொறுமையாகத் திருத்திய பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

1979 முதல் 2005 வரையிலான பதிவுகளை ஆராய்ந்து, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சியாங் ஃபூவும் உடனிருந்தோரும் 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். இரு அரைக்கோளங்களிலும் 15 முதல் 45 டிகிரி அட்சரேகை வரையிலான பட்டையில் வளிமண்டலத்தின் கீழடுக்கு அதிகமாகச் சூடேறியிருந்தது. அதனால் ஜெட் காற்றுகள் துருவத்தை நோக்கிச் சுமார் ஒரு டிகிரி நகர்ந்திருக்கின்றன. நம் கணக்கில் அது சேலத்திலிருந்து நேர் வடக்கே கிருஷ்ணகிரியைத் தாண்டிய தொலைவு. வறண்ட நிலங்களின் எல்லையும் அதனோடு நகரக்கூடும் என்பதால், இது சிறிய தொலைவன்று என்றே கருதுகிறேன்.

அந்த மேற்குக் காற்று உங்கள் சேர்வராயன் மலைக்கு மேல் வீசுவதில்லை. குளிர்காலத்தில் அது வட இந்தியாவுக்கு மேலே ஓடும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நம் வானில், சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்கே வேறொரு ஜெட் காற்று வீசுகிறது. 1950-களில் அதை ஆராய்ந்து விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். கோடையில் திபெத்திய பீடபூமி சூடேறி, வடக்கு தெற்கைவிட வெப்பமாகிவிடுவதால் திசை தலைகீழாகிறது.