எம்.ஆர். ராதா விழாவுக்கு ஒருவர் ‘உரிமைத் தொகை’ கேட்கிறாரா? கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டச் சொல்லுங்கள்

கேள்வி: எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில், நடிகவேள் எம்.ஆர். ராதாவின் மேடை, சினிமா வாழ்க்கையைப் பற்றி ஒரு மாலை நிகழ்ச்சி வைத்திருக்கிறோம். ‘ரத்தக்கண்ணீர்’ நாடகத்திலிருந்து 20 நிமிடக் காட்சி ஒன்றை எங்கள் உறுப்பினர்களே நடிக்கிறார்கள். அவர் நடித்த படங்களிலிருந்து சில காட்சிகளைத் திரையில் காட்டிப் பேசுவோம். அனுமதி இலவசம். அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்ததும் ஒருவர் போன் செய்து, “ராதா சம்பந்தப்பட்ட எல்லா உரிமையும் எங்களிடம்தான் இருக்கிறது. 40,000 ரூபாய் கட்டுங்கள், இல்லாவிட்டால் ஜாமீன் கிடைக்காத வழக்கு வரும்” என்கிறார். பாதிப் பணத்தை உடனே அனுப்பச் சொல்கிறார். கொடுக்க வேண்டுமா? நாடகத்துக்குப் போலீஸ் அனுமதியும் வேண்டும் என்று சிலர் பயமுறுத்துகிறார்களே?
– டெல்டா மாவட்ட வாசகர் ஒருவர்

பதில்: பணம் கொடுக்காதீர்கள். பேரம் பேசவும் வேண்டாம். “சரி, டோக்கனாக ஐயாயிரம் போடுங்கள், மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்று இறங்கி வருவார். அந்த ஐயாயிரத்தை நீங்கள் அனுப்பிவிட்டால், அவருக்கு உரிமை இருப்பதாக நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். உங்கள் ரசீதைக் காட்டித்தான் அடுத்த ஊர் மன்றத்தில் வசூல் நடக்கும். இப்படித்தான் இந்தத் தொழில் ஓடிக்கொண்டிருக்கிறது.

‘ராதா சம்பந்தப்பட்ட எல்லா உரிமையும்’ என்று ஒன்று சட்டத்தில் கிடையாது. நாடகத்தை எழுதியவருக்கு ஒரு உரிமை. படத்தைத் தயாரித்தவருக்கு வேறு உரிமை. பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் தனித்தனி. நடித்தவருக்கு? ராதாவின் காலத்தில் ஒன்றுமே இல்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நடிப்பை ஒரு படைப்பாகக் கணக்கில் எடுக்கவில்லை. நடிகர் தேவ் ஆனந்த் சம்பந்தப்பட்ட வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றமும் எழுபதுகளின் கடைசியில் அதைத்தான் சொன்னது. நடிகர், பாடகர் போன்றவர்களுக்கென்று உரிமை வந்தது 1994 திருத்தத்தில்தான்.

ராதா 1979இல் இறந்துவிட்டார். சிறுவயதிலேயே பாய்ஸ் கம்பெனி நாடகங்களுக்குப் போனவர். 1937இல் சினிமாவுக்கு வந்தார், சில படங்களுக்குப் பிறகு மேடைக்கே திரும்பினார், சொந்தக் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றினார். 1954இல் ‘ரத்தக்கண்ணீர்’ படம் வந்த பிறகு, அடுத்த 13 ஆண்டுகள் தமிழ் சினிமா அவரை விடவில்லை. எம்.ஜி.ஆர். சுடப்பட்ட 1967 வழக்கில் சிறை. வெளியே வந்தபின் மறுபடியும் மேடை. இத்தனை காலம் உழைத்த மனிதருக்குத் தன் நடிப்பின் மீது காகிதத்தில் எழுதிய உரிமை ஒன்றுகூட இருக்கவில்லை. அப்படிப்பட்டவரின் பெயரைச் சொல்லி, அவரோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவர் ஒரு நூலக வாசகர் வட்டத்திடம் காசு பறிக்கப் பார்க்கிறார் என்றால் கோபம்தான் வருகிறது.

இனி நீங்கள் திரையில் காட்டப்போகும் படக் காட்சிகளுக்கு வருவோம். நம் நாட்டில் ஒரு திரைப்படத்துக்கு 60 ஆண்டுகள் பதிப்புரிமை. படம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து எண்ண வேண்டும். ‘ரத்தக்கண்ணீர்’ 1954இல் வந்தது. 2014 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது. ‘பாவ மன்னிப்பு’ 1961, முடிந்தது. ‘பலே பாண்டியா’ 1962, அதுவும் முடிந்தது. 1966இல் வந்த படமென்றால் 2026 கடைசி வரை உரிமை உயிரோடு இருக்கும். ஆகவே 1965 வரை வந்த படங்களிலிருந்து மட்டும் காட்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள், தலைவலி இல்லை. (1958க்கு முந்தைய படங்களுக்குப் பழைய சட்டத்தின் நுணுக்கம் ஒன்று உண்டு. சில நிமிடக் காட்சியைக் காட்டி அதைப் பற்றிப் பேசுகிற உங்களுக்கு அது தேவைப்படாது.)

போனில் பேசியவர் இந்த இடத்தில் ஒரு பத்திரத்தை எடுத்து நீட்டுவார். “99 வருடத்துக்கு, உலகம் முழுவதற்கும்” என்று முத்திரைத்தாளில் எழுதியிருக்கும். சென்னை மீரான் சாகிப் தெருவில் பட விநியோக அலுவலகங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்த காலத்திலிருந்து, ‘நெகட்டிவ் உரிமை’ என்ற பெயரில் இப்படிப்பட்ட தாள்கள் கைமாறி வந்திருக்கின்றன. தயாரிப்பாளரிடமிருந்து பைனான்ஸியர், அவரிடமிருந்து விநியோகஸ்தர், அப்புறம் வீடியோ கம்பெனி, அப்புறம் டி.வி., இப்போது யூடியூப் சேனல். அதைப் பார்த்து மிரளாதீர்கள். சட்டம் 60 ஆண்டுதான் கொடுத்திருக்கிறது. இல்லாத 39 ஆண்டை யாரும் யாருக்கும் விற்க முடியாது. இன்னொன்று: பதிப்புரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், உரிமையாளரின் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை காலத்துக்கு என்று அதில் எழுதாமல் விட்டிருந்தால் 5 ஆண்டு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்தெந்த ஊர், நாடு என்று எழுதாமல் விட்டிருந்தால் இந்தியாவுக்குள் மட்டும்தான்.

ஒரு சென்ட் நிலம் வாங்கினால்கூட வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கலாம். ஒரு படத்தின் உரிமை இன்று யாரிடம் இருக்கிறது என்று பார்க்க அப்படி ஒரு வழியை இத்தனை ஆண்டுகளில் யாரும் செய்து தரவில்லை. பதிப்புரிமையைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. பதிவு செய்தவர்களும் அதற்குப் பிறகு நடந்த கைமாற்றங்களைப் பதிவதில்லை. தரகர்கள் பிழைப்பதே இந்த இருட்டில்தான்.

நாடகக் காட்சி விஷயத்தில்தான் நீங்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். படத்தின் உரிமை முடிந்துவிட்டதால் வசனமும் பொதுச் சொத்து என்று நிறையப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. அந்த நாடகத்தை எழுதியவர் திருவாரூர் கே. தங்கராசு. நாடக ஆசிரியருக்கு அவர் ஆயுள் முழுவதும், அதற்கு மேல் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. அவர் இறந்தது 2014இல். அந்தக் கணக்குப்படி, நாட்டுடைமை ஆக்கப்படாத வரை, எழுத்தின் உரிமை 2074 டிசம்பர் 31 வரை போகும். படத்தைப் பார்த்து வசனத்தை எழுதிக்கொண்டாலும் எழுத்து அவருடையதுதான். நாட்டுடைமையான எழுத்தாளர்களின் பட்டியலைத் தமிழ் வளர்ச்சித் துறையில் கேட்டு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் நடிக்க அனுமதி வேண்டுமா? உங்கள் விழாவுக்கு வேண்டாம். பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் உங்களைப் போன்றவர்களுக்காகவே ஒரு விலக்கு இருக்கிறது. தொழில்முறை சாராத ஒரு மன்றமோ சங்கமோ, கட்டணம் செலுத்தாத பார்வையாளர்கள் முன் ஒரு நாடகத்தை நிகழ்த்தினால் அது உரிமை மீறல் ஆகாது. கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. ஆனால் பத்து மன்றங்களில் எட்டு மன்றங்கள் கோட்டை விடுவது இந்த ஒரு வரியில்தான். அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

நடிப்பவர்கள் உங்கள் உறுப்பினர்களாக இருக்க வேண்டும். ‘நல்லா வரணும்’ என்று கடைசி நேரத்தில் மதுரையிலிருந்து சம்பளத்துக்கு ஒரு குழுவைக் கூட்டி வந்தால் விலக்கு போய்விடும். மேக்கப் போடுகிறவருக்கும் மைக் செட்காரருக்கும் கூலி கொடுப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், அவர்கள் நடிப்பவர்கள் அல்ல. அடுத்து, கட்டணம். டிக்கெட் என்ற பெயரில் வாங்கினால்தான் கட்டணம் என்று நினைக்காதீர்கள். ‘நன்கொடைச் சீட்டு 100 ரூபாய்’ என்று அச்சடித்து, அதைக் காட்டினால்தான் உள்ளே விடுவோம் என்றால் அதுவும் டிக்கெட்தான். முன்வரிசை நாற்காலியை நன்கொடையாளருக்கென்று விற்றால் அதுவும் அப்படியே. விழா மலர் போட்டு விளம்பரம் வாங்குகிறீர்கள், மலரை வாங்காதவரும் தாராளமாக உட்கார்ந்து நாடகம் பார்க்கலாம் என்றால் எனக்கு அதில் தவறு தெரியவில்லை. ஆனால் மேடையில் நகைக்கடை பேனர் கட்டி, ‘இன்ன கடை வழங்கும்’ என்று நாடகத்தையே அவர்கள் பெயரில் அறிவிக்காதீர்கள். இலவசம் என்பதை அழைப்பிதழில் எழுத்தில் போடுங்கள். ‘அனுமதி இலவசம், அனைவரும் வருக’ என்ற ஒரு வரி நாளை நீதிமன்றத்தில் உங்களுக்குச் சாட்சி சொல்லும்.

அதே பிரிவில் இன்னொரு பாதி இருக்கிறது: மத நிறுவனத்தின் நன்மைக்காக நடத்தினாலும் மீறல் இல்லை. நூலகத்துக்குப் புத்தக அலமாரி வாங்க டிக்கெட் போட்டால் மீறல், மத நிறுவனத்துக்காகப் போட்டால் இல்லை. பெரியார் இயக்க மேடையில் வாழ்ந்த ஒரு நடிகரின் நாடகத்துக்கும் இதே கணக்குதான். நூலகங்களையும் பள்ளிக் கட்டட நிதியையும் இந்த வரியில் சேர்த்தால் என்ன கெட்டுவிடும் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. 2012இல் இந்தச் சட்டத்தை அவ்வளவு பெரிதாகத் திருத்தினார்கள், அப்போதும் இதைத் தொடவில்லை.

அடுத்து வழக்கு மிரட்டல். பதிப்புரிமை மீறல் பிணையில் விட முடியாத, வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. அந்தத் தீர்ப்பின் நகலைப் பையில் வைத்துக்கொண்டுதான் இவர்கள் கிளம்புகிறார்கள். ஆனால் மீறல் இருந்தால்தானே குற்றம்? விலக்குக்குள் நடத்துகிற நாடகத்துக்கும் காலாவதியான படத்துக்கும் அந்தத் தீர்ப்பு ஒட்டாது. அதோடு, ஆதாரமில்லாமல் இப்படி மிரட்டுகிறவர் மீது நீங்களே சிவில் வழக்குப் போட்டுத் தடையும் நஷ்டஈடும் கேட்க அதே சட்டத்தின் 60ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. இந்தப் பிரிவைப் பற்றி அவர் பேச மாட்டார்.

அவர் மறுபடி அழைத்தால் போனில் வாதாடாதீர்கள். “எந்தப் படைப்பு, அதை எழுதியவரோ தயாரித்தவரோ கையெழுத்திட்டு உங்களுக்குக் கொடுத்த ஒப்பந்தம் எங்கே, அது எந்தத் தேதி வரை? மூன்றையும் எழுத்தில் அனுப்புங்கள்” என்று மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு விடுங்கள். பெரும்பாலும் பதில் வராது. உறுப்பினர் யாராவது பயந்துபோய் ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் இணையப் பண மோசடிப் புகார்களுக்கான 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

போலீஸ் அனுமதி பற்றிய பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1954இல் சென்னை மாகாணத்தில் நாடக நிகழ்ச்சிச் சட்டம் ஒன்று வந்தது. ராதா மேடையேற்றிய ராமாயண நாடகமும் அதைச் சுற்றி எழுந்த கொந்தளிப்பும்தான் அதற்குப் பின்னணி. கதை வசனத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கவும், நாடகத்தைத் தடுக்கவும் அது அதிகாரம் கொடுத்தது. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்று அறிவித்துவிட்டது. ஆங்கிலேயர் போட்ட 1876ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தையும் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. இருந்தும் சில காவல் நிலையங்களில் இன்னமும் “ஸ்கிரிப்ட் கொண்டு வாங்க” என்கிறார்கள். தீர்ப்பு வந்து இவ்வளவு காலமாகியும் அது ஸ்டேஷன் மேசைக்கு வந்து சேரவில்லை. நீங்கள் கேட்க வேண்டியது ஒலிபெருக்கிக்கும், திறந்த வெளியென்றால் இடத்துக்கும் அனுமதி. அவ்வளவுதான். இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால் நாடகத்தை நிகழ்ச்சியின் முன்பாதியில் வைத்துக்கொள்ளுங்கள், பேச்சாளர்கள் நீட்டினாலும் காட்சி தப்பித்துவிடும்.

ராதாவின் புகைப்படத்தை அழைப்பிதழில் போடலாம். ஒருவரின் பெயர், உருவம் மீதான தனியுரிமை அவரோடு முடிந்துவிடும், வாரிசுகளுக்குச் சொத்தாக இறங்காது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் ஜெயலலிதாவின் அண்ணன் மகள் தீபா தொடர்ந்த வழக்கில் சொல்லியிருக்கிறது. அதற்காக, கம்ப்யூட்டர் போலிக் குரலில் ராதாவை வரவேற்புரை பேச வைக்கிற யோசனை யாருக்காவது இருந்தால் விட்டுவிடுங்கள். அவர் பேசாததை அவர் வாயில் போடுவது அஞ்சலி ஆகாது.

கடைசியாக, வீடியோ. நான் சொன்ன 52ஆம் பிரிவு விலக்கு அரங்கத்தில் நேரில் நடக்கும் நிகழ்ச்சிக்கு மட்டும்தான். அதைப் பதிவு செய்து யூடியூபில் ஏற்றுவதற்கு அது பொருந்தாது. ஏற்ற வேண்டுமென்று ஆசை இருந்தால் நாடக ஆசிரியரின் வாரிசுகளுக்கு இப்போதே ஒரு கடிதம் எழுதுங்கள்: எந்தக் காட்சி, எத்தனை நிமிடம், வருமானம் எடுக்க மாட்டோம், ஆசிரியர் பெயரை முதலில் போடுவோம் என்று. சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். படக் காட்சிகள் திரையில் ஓடும் பகுதியையும் பாட்டையும் வெட்டிவிட்டு ஏற்றுங்கள். காலாவதியான படமாக இருந்தாலும் யூடியூபின் இயந்திரம் யாரோ ஒருவர் பெயரில் உரிமை கோரி அறிவிப்பு அனுப்பும், அதை மறுத்து எழுதியே ஒரு மாதம் போய்விடும். வாரிசுகளின் பதில் கைக்கு வரும்வரை வீடியோவை ஒருவரிடம் மட்டும் வைத்திருங்கள், வாட்ஸ்அப் குழுக்களில்கூட விட வேண்டாம்.