'குத்தகை மரம்' பின்னால் ஆங்கில எஸ் ஏன் வருகிறது?

கேள்வி: பண்ருட்டியில் ஒரு பலாப்பழ மண்டிக்கு டிஜாங்கோவில் (பைத்தானில் வலைச் செயலி எழுத உதவும் கட்டமைப்பு) கணக்குச் செயலி எழுதுகிறேன். மாடலுக்கு, அதாவது ஒரு டேபிளை விவரிக்கும் கிளாஸுக்கு, 'குத்தகை மரம்' என்று தமிழ்ப்பெயர் கொடுத்தும், அட்மின் முகப்பில் அதன் வாலில் ஆங்கில 'எஸ்' ஒட்டிக்கொண்டு வருகிறது. உள்ளே போனால் ஒவ்வொரு மரமும் கிளாஸ் பெயரோடு 'ஆப்ஜெக்ட் (7)' என்று நிற்கிறது. கிளாஸ் பெயரையே மாற்றிவிடலாமா?

பதில்: கிளாஸை மட்டும் தொடாதீர்கள். அதை மாற்றினால் டேபிள் பெயரும் மாறும். அதைக் கூப்பிடும் வரிகளை எல்லாம் தேடித் திருத்த வேண்டியிருக்கும்.

நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், டிஜாங்கோ கிளாஸ் பெயரைப் பெரிய எழுத்து வரும் இடங்களில் பிரித்துச் சின்ன எழுத்தாக்கி வைத்துக்கொள்ளும். பன்மைக்கு ஒரு 'எஸ்' சேர்க்கும். அதற்குத் தெரிந்த இலக்கணம் அவ்வளவுதான். மாடலுக்குள் இருக்கும் மெட்டா என்ற உள் கிளாஸில், காட்டும் பெயரான வெர்போஸ்_நேம் மட்டும் எழுதியிருப்பீர்கள். அடுத்த வரியில் வெர்போஸ்_நேம்_ப்ளூரல் போட்டு 'குத்தகை மரங்கள்' என்று கொடுங்கள், எஸ் போய்விடும்.

'கள்' ஒட்ட ஒரு ஃபங்ஷன் எழுதி எல்லா மாடலுக்கும் போட்டுவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். ரசீது, ரசீதுகள் ஆகும், சரி. ஆனால் மரம் மரங்கள் ஆகிறது, ஆள் ஆட்கள் ஆகிறது, எடைக்கல் எடைக்கற்கள் ஆகிறது. புணர்ச்சி விதியைக் கோடில் எழுதி மல்லுக்கட்டுவதைவிட, இருக்கிற பத்துப் பதினைந்து மாடலுக்கும் கையால் எழுதுவது சுலபம், தப்பும் வராது.

ஃபீல்டுகளுக்கும் இதே கதைதான். முதல் ஆர்க்யுமென்டாக 'எடை (கிலோ)' என்று கொடுத்தால் போதும். வேறு மாடலைச் சுட்டும் ஃபாரின் கீ-யில் முதல் இடம் அந்த மாடலுக்கு உரியது. அங்கே வெர்போஸ்_நேம் என்று பெயர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

அப்புறம் அந்த 'ஆப்ஜெக்ட் (7)'. இது மெட்டாவில் தீராது. கிளாஸுக்குள் ஸ்ட்ர் மெத்தட் எழுதுங்கள், முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு. 'வடக்குத் தோப்பு, மரம் 12' என்று அது திருப்பித் தரட்டும். என்னைக் கேட்டால் மூன்றிலும் இதுதான் முக்கியம். சீசனில் லாரி வாசலில் நிற்க, கணக்கெழுதுகிறவர் பட்டியலில் மரத்தைத் தேடும்போது 7 என்ற எண் அவருக்கு எதையும் சொல்லாது. ஒன்று கவனியுங்கள்: தோப்பின் பெயர் வேறு டேபிளில் இருந்தால், பட்டியலில் வரிக்கு ஒரு குவெரி டேட்டாபேஸுக்கு ஓடும். அட்மின் கிளாஸில் லிஸ்ட்_செலக்ட்_ரிலேட்டட் போட்டுத் தோப்பையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள்.

மெட்டாவில் பெயர் மாற்றிய பிறகு மாடல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் மேக்மைக்ரேஷன்ஸ் கட்டளை ஒரு புதிய ஃபைல் உருவாக்கும். பயப்பட வேண்டாம், ஓட்டிவிடுங்கள். டேபிளில் எதுவும் மாறாது.