வாசகர் கேள்வி – பதில்: தூண்டில் வளைவு எந்தக் கரையைக் காக்கும்?

கேள்வி: புதுச்சேரிக்கு வடக்கே உள்ள எங்கள் மீனவக் கிராமத்தில் கடல் ஆண்டுதோறும் உள்ளே வருகிறது. தூண்டில் வளைவு கேட்டு ஊர்ப் பஞ்சாயத்தார் மனுக் கொடுக்கவிருக்கின்றனர். அதனால் கரை நிலைக்குமா?
– ஒரு வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கல் அடுக்கிக் கட்டும் தூண்டில் வளைவால் உங்கள் கரை நிலைக்கலாம், உங்களுக்கு வடக்கே உள்ள ஊரின் கரை கரையும். சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் தங்குவதில்லை. ஏறத்தாழ மார்ச் முதல் அக்டோபர் வரை அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து மோதுவதால் மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. வாடைக் காற்று வீசும் மாதங்களில் ஓரளவு தெற்கே திரும்புகிறது. வடக்கே போவதே மிகுதி என்பதால், குறுக்கே எதை நிறுத்தினாலும் அதன் தென்புறத்தில் மணல் சேரும், வடபுறம் பசியோடு கிடக்கும். சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட பின் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே ராயபுரம் கரையை இழந்ததும் இதனால்தான்.

உங்கள் ஊரின் கதையும் அதுவே. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் கட்டப்பட்ட அலைத்தடுப்புகள் மணலை மறித்தன. தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே விடுவது அவசியம் என்பது அப்போதே தெரிந்திருந்தும், அப்பணி தொடர்ந்து நடைபெறவில்லை. நகரைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள். அரிப்பு மாநில எல்லையைத் தாண்டித் தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று நகர்ந்தது. கடலுக்கு எல்லைக்கோடு தெரியாது, கோப்புகளுக்குத்தான் தெரியும்.

ஆயினும் பஞ்சாயத்தார் கேட்பதில் நியாயம் உண்டு. நேராகக் கல் கொட்டிய கரையில் படகை ஏற்ற முடியாது, கரைவலை இழுக்க முடியாது. தூண்டில் வளைவுகளுக்கு இடையில் அதற்குச் சிறிது மணலாவது கிடைக்கும். ஆகவே வடக்கே உள்ள ஊர்களையும் சேர்த்துக்கொண்டு, ஆண்டுதோறும் மணலை வடக்கே மாற்றித் தரும் பணியை முதல் கோரிக்கையாக வைப்பதே முறை என்பது என் கருத்து. ஊருக்கு ஊர் தனி மனு என்றால், இன்று உங்களுக்கு நேர்ந்தது நாளை அடுத்த ஊருக்கு நேரும்.

கேள்வி: புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மட்டும் மணல் திரும்பியது எப்படி?
– ஒரு வாசகி, கடலூர்

பதில்: தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் வடிவமைப்பில், 2018-இல் தலைமைச் செயலகத்துக்கு அருகே கடலுக்குள் ஆப்பு வடிவச் செயற்கைத் திட்டு ஒன்று அமைக்கப்பட்டது. அலை அதன்மேல் உடைந்து வேகம் குறைவதால், அதன் பின்னே மணல் படிகிறது. முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலையும் கரையில் கொட்டினார்கள். மணல் வரத்து இல்லாத இடத்தில் திட்டு மட்டும் கரையை உண்டாக்காது.

கேள்வி: அடப்பங்கொடியும் ராவணன் மீசையும் வளர்த்தால் அரிப்பு நிற்குமா?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: நிற்காது. கடற்கரை மணலில் படரும் இந்தக் கொடியும் புல்லும் காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து மணல்மேடுகளை வளர்க்கும். புயலில் அலை அரித்துச் செல்ல இருப்பாக இருப்பது அம்மேடுகளின் மணல்தான். அது கரைக்கு அருகே கடலடியில் திட்டாகப் படிந்து, அடுத்து வரும் அலைகளின் வேகத்தைத் தணிக்கும். கடல் அடங்கியபின் அதில் பெரும்பகுதி கரையேறும். எனவே கொடியை நடுவதற்கு முன், மேட்டை மட்டப்படுத்தி விடுதியும் சாலையும் போடுவதைத் தடுத்தாக வேண்டும்.