நாம் எண்ணுவதற்கு முன்பே மூளை முந்திக்கொள்கிறது என்றால், முடிவெடுப்பது நாம் இல்லையா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. எல்லோரும் காட்டும் சான்று நரம்பியல் ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் 1983-இல் வெளியிட்ட சோதனை. கடிகார முகம் போன்ற வட்டத்தில் 2.56 நொடிக்கு ஒரு சுற்று வரும் புள்ளியைப் பார்த்தபடி, அசைக்கலாம் என்று மனதுக்குத் தோன்றும்போது கையை அசைக்க வேண்டும். எண்ணம் எழுந்தபோது புள்ளி எங்கே இருந்தது என்று பிறகு சொல்ல வேண்டும். மூளையலை அசைவுக்குச் சுமார் 550 மில்லிநொடி முன்பே எழுந்தது. எண்ணமோ 200 மில்லிநொடி முன்புதான்.

கோளாறு அலையைப் படிப்பதில் இருக்கிறது. பல அசைவுகளின் பதிவை, அசைந்த கணத்தை ஒன்றாக்கி அடுக்கிச் சராசரி எடுத்தே அது பெறப்பட்டது. மூளையின் இயல்பான ஏற்ற இறக்கம் ஒரு வரம்பைத் தொட்டதும் கை அசைந்தாலும், அசைவிலிருந்து பின்னோக்கி எடுக்கும் சராசரியில் அதே மேடு வரும் என்று 2012-இல் நரம்பியல் ஆய்வாளர் ஆரோன் ஷூர்கரின் குழு காட்டியது. அதாவது, அந்த அலை முன்பே எடுத்த முடிவின் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை. நம் விருப்பப்படி முடிவெடுக்கும் சுதந்திரம் நமக்கு உண்டு என்பது இதனால் நிரூபணமாகிவிடாது. ஆனால் காரணமே இல்லாத கையசைவை வைத்து, நாள்கணக்கில் யோசித்து எடுக்கும் முடிவுக்குத் தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை.